கோதுமை இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை: குட்டு மாவில் வாழைப்பழ பிரெட் செய்வது எப்படி? கவனிக்க வேண்டியவை என்ன?

புதுடெல்லி: நவராத்திரி விரத நாட்களில் மட்டும் வட இந்தியச் சமையலறைகளில் இடம்பெற்று வந்த குட்டு மாவு, இப்போது ஆண்டு முழுவதும் பயன்படும் பேக்கரி மாவாக மாறி வருகிறது. ஆங்கிலத்தில் பக்வீட் என்று அழைக்கப்படும் இந்த மாவைக் கொண்டு முட்டை, பால், வெண்ணெய் எதுவும் சேர்க்காமல் வாழைப்பழ பிரெட் தயாரிக்க முடியும். கோதுமை ஒவ்வாதவர்களுக்கும், விலங்குவழிப் பொருட்களைத் தவிர்க்கும் வீகன் உணவு முறையைப் பின்பற்றுவோருக்கும் இது ஒருசேரப் பொருந்துகிறது.

அதே நேரத்தில், ஆண்டுதோறும் நவராத்திரியையொட்டி வட மாநிலங்களில் உணவு நச்சுப் பாதிப்புச் செய்திகளில் அடிபடுவதும் இதே மாவுதான். 2025 மார்ச் இறுதியில் உத்தராகண்ட் தலைநகர் டேராடூனிலும், அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லியின் ஜஹாங்கீர்புரி பகுதியிலும் குட்டு மாவு உணவைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் உடல்நலம் பாதிக்கப்பட்டு மருத்துவமனைகளை நாடினர். எனவே இந்த மாவின் இயல்பு என்ன, அதை எப்படி வாங்குவது, எப்படிச் சமைப்பது, யார் தவிர்க்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

பெயரில் மட்டுமே கோதுமை

பக்வீட் என்ற ஆங்கிலப் பெயரில் கோதுமையைக் குறிக்கும் ‘வீட்’ என்ற சொல் இருப்பதால் பலரும் இதைக் கோதுமையின் ஒரு வகை என்று எண்ணுகின்றனர். தாவரவியல் அடிப்படையில் இரண்டுக்கும் உறவில்லை. கோதுமை, நெல், சோளம் ஆகியவை புல் குடும்பத்தைச் சேர்ந்த தானியங்கள். பக்வீட் பாலிகோனேசியே என்ற குடும்பத்தைச் சேர்ந்த அகன்ற இலைச் செடி. சுக்கான் கீரையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் முக்கோண வடிவ விதைகளை அரைத்துப் பெறுவதே குட்டு மாவு. தானியங்களைப் போலச் சமைக்கப்படுவதால் இது ‘போலித் தானியம்’ என்ற வகையில் வைக்கப்படுகிறது. கினோவாவும் தண்டுக்கீரை இனத்தின் விதையான ராஜ்கிராவும் இந்த வகையில் அடங்கும்.

தானியம் அல்ல என்ற இந்தக் காரணத்தினாலேயே, விரத நாட்களில் அரிசியையும் கோதுமையையும் தவிர்க்கும் வட இந்தியர்கள் குட்டு மாவில் பூரியும் பக்கோடாவும் செய்து உண்கின்றனர்.

இதில் இரண்டு வகைகள் பரவலாகப் பயிரிடப்படுகின்றன. ஒன்று சாதாரண பக்வீட், மற்றொன்று கசப்புச் சுவை மிகுந்த தார்த்தாரி பக்வீட். இமாச்சலப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் முன்னது ஓக்லா என்றும், பின்னது பாப்ரா என்றும் அறியப்படுகின்றன. பிரெட், கேக் போன்றவற்றுக்குச் சாதாரண வகையே ஏற்றது.

மலைகளின் குறுகிய காலப் பயிர்

இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டம், உத்தராகண்டின் மலைப்பகுதிகள், லடாக், சிக்கிம், அருணாச்சலப் பிரதேசம் என இமயமலைத் தொடர் நெடுகிலும் பக்வீட் விளைகிறது. குளிரான தட்பவெப்பத்தையும் வளம் குறைந்த மண்ணையும் தாங்கி, ஏறக்குறைய 3 மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடுவதே இதன் சிறப்பு. கோடைகாலம் குறுகியதாக உள்ள உயரமான பகுதிகளில் இந்தப் பண்பு பெரிதும் உதவுகிறது.

அருணாச்சலப் பிரதேசத்தின் மோன்பா இன மக்கள் பக்வீட் மாவில் நூடுல்ஸ் செய்கின்றனர். சிக்கிமில் பாப்பர் ரொட்டி புகழ்பெற்றது. நாட்டுக்கு வெளியே, ஜப்பானின் சோபா நூடுல்ஸ், ரஷ்யாவின் காஷா கஞ்சி, பிரான்சின் பிரிட்டனி பகுதியில் செய்யப்படும் கலெட் தோசை ஆகியவை இந்த விதையிலிருந்து உருவானவையே. ஆக, பிரெட் என்ற வடிவம் புதிதே தவிர, மாவு புதிதல்ல.

சத்துகள் என்னென்ன?

முழு விதையை அரைத்த 100 கிராம் பக்வீட் மாவில் சுமார் 335 கலோரி ஆற்றல், 12 முதல் 13 கிராம் புரதம், 10 கிராம் நார்ச்சத்து, 3 கிராம் கொழுப்பு உள்ளன. மெக்னீசியம் 250 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. மைதாவில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு என்பதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

புரதத்தின் அளவைக் காட்டிலும் அதன் தரம் குறிப்பிடத்தக்கது. கோதுமை, அரிசி ஆகியவற்றில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவாகவே உள்ளது. பக்வீட் புரதத்தில் இது போதிய அளவில் இருக்கிறது. ருட்டின் என்ற தாவர வேதிப்பொருளும் இதில் அடங்கியுள்ளது. இதுவே தார்த்தாரி வகையில் பல மடங்கு அதிகமாக இருக்கிறது. அந்த மாவில் நீர் சேரும்போது ருட்டின் சிதைவதும் அதன் கசப்புக்கு ஒரு காரணம்.

எனினும், மாவு சத்துள்ளது என்பதற்காக அதில் செய்யப்படும் பிரெட் முழுவதும் ஆரோக்கிய உணவாகிவிடாது. கீழே தரப்பட்டுள்ள அளவில் செய்து 10 துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டில் ஏறக்குறைய 210 முதல் 220 கலோரி, 4 கிராம் புரதம், 3.5 கிராம் நார்ச்சத்து இருக்கும். கூடவே வெல்லத்தின் வழியாக 7 முதல் 8 கிராம் சர்க்கரையும் சேரும். தினசரி ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருப்பது மேலும் நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. இந்தக் கணக்கில் வெல்லமும் சர்க்கரையே.

‘சைவம்’ வேறு, ‘வீகன்’ வேறு

இந்தியாவில் பொட்டல உணவுகளில் காணப்படும் பச்சை நிறச் சைவக் குறியீடு, அந்தப் பொருளில் இறைச்சி, மீன், முட்டை இல்லை என்பதை மட்டுமே உணர்த்துகிறது. பாலும் தேனும் சேர்க்கப்பட்ட உணவுகளும் இந்தக் குறியீட்டைப் பெறலாம். எனவே பச்சைப் புள்ளி உள்ள சாக்லேட் துண்டுகளை பிரெட்டில் சேர்த்தால், அது வீகன் உணவாக இல்லாமல் போக வாய்ப்புண்டு.

வீகன் உணவுகளுக்கென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, 2022-ஆம் ஆண்டில் தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி, விலங்குகளிலிருந்து பெறப்பட்ட மூலப்பொருட்கள் மட்டுமின்றி, அத்தகைய சேர்க்கைப் பொருட்களும் பதப்படுத்தும் துணைப்பொருட்களும்கூட இடம்பெறக் கூடாது. பச்சை நிறச் சதுரத்துக்குள் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தும் சிறு இலையும் கொண்ட குறியீடு இதற்கென வகுக்கப்பட்டுள்ளது. சாக்லேட், தாவரப் பால் போன்றவற்றை வாங்குவோர் இந்தக் குறியீட்டையும், மூலப்பொருள் பட்டியலையும் பார்ப்பது நல்லது.

முட்டையும் குளூட்டனும் இல்லாமல் பிரெட் எப்படி உப்புகிறது?

கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது குளூட்டன் என்ற புரத வலை உருவாகிறது. அடுப்பில் வெளியாகும் வாயுவைச் சிறைப்பிடித்து பிரெட்டை உப்பச் செய்வது இந்த வலைதான். பக்வீட்டில் குளூட்டன் கிடையாது. வழக்கமான கேக்கில் மாவைக் கட்டிப்பிடிக்கும் முட்டையும் இங்கு இல்லை. இந்த இரண்டு குறைகளையும் வேறு பொருட்கள் ஈடுசெய்ய வேண்டும்.

முதலாவது வாழைப்பழம். காயாக இருக்கும்போது வாழையில் நிறைந்திருக்கும் மாவுச்சத்து, பழுக்கும்போது பெரும்பாலும் சர்க்கரையாக மாறிவிடுகிறது. தோலில் கரும்புள்ளிகள் விழுந்த பழத்தில் இனிப்பும் ஈரமும் அதிகம். அதிலுள்ள பெக்டின் மாவைப் பிணைக்க உதவுகிறது. உலகிலேயே அதிக அளவில் வாழை விளையும் நாடு இந்தியா. மகாராஷ்டிரத்தின் ஜல்கான் வாழை 2016-இல் புவிசார் குறியீடு பெற்றது. வட இந்தியச் சந்தைகளில் பரவலாகக் கிடைக்கும் கேவண்டிஷ் வகைப் பழமே இந்த பிரெட்டுக்குப் போதுமானது. தமிழ்நாட்டில் மோரிஸ் என்று விற்கப்படுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இரண்டாவது ஆளி விதை. பொடித்த ஆளி விதையை நீரில் ஊறவைத்தால் அதன் கோந்துப் பொருள் கரைந்து, அடித்த முட்டையைப் போன்ற வழவழப்பான கலவை கிடைக்கும். 1 மேசைக்கரண்டி ஆளிப் பொடிக்கு 3 மேசைக்கரண்டி நீர் என்பது ஒரு முட்டைக்கு ஈடான அளவு. இது மாவைக் கட்டிப்பிடிக்குமே தவிர, முட்டையைப் போல உப்பச் செய்யாது.

மூன்றாவது சமையல் சோடா. இது அமிலத்துடன் சேர்ந்தால்தான் முழுமையாகச் செயல்பட்டு கரியமில வாயுவை வெளியிடும். வாழைப்பழத்தின் அமிலத்தன்மை மென்மையானது என்பதால் எலுமிச்சைச் சாறு சேர்க்கப்படுகிறது. அமிலம் போதாவிட்டால் எஞ்சிய சோடா பிரெட்டுக்குச் சவர்க்காரச் சுவையைத் தந்துவிடும்.

தேவையான பொருட்கள்

* பக்வீட் (குட்டு) மாவு – 200 கிராம்
* நன்கு பழுத்த வாழைப்பழம் – நடுத்தர அளவில் 3 (உரித்தபின் சுமார் 300 கிராம்)
* பொடித்த ஆளி விதை – 2 மேசைக்கரண்டி
* நீர் – 6 மேசைக்கரண்டி
* வெல்லப் பொடி – 80 கிராம்
* தேங்காய் எண்ணெய் அல்லது மணமற்ற தாவர எண்ணெய் – 60 மி.லி.
* எலுமிச்சைச் சாறு – 1 மேசைக்கரண்டி
* பேக்கிங் பவுடர் – 1½ தேக்கரண்டி
* சமையல் சோடா – ½ தேக்கரண்டி
* உப்பு – ¼ தேக்கரண்டி
* பட்டை அல்லது ஏலக்காய்ப் பொடி – 1 தேக்கரண்டி
* நறுக்கிய வால்நட் – 50 கிராம்
* தேங்காய்ப் பால் – 30 முதல் 60 மி.லி. வரை (தேவைப்பட்டால் மட்டும்)

செய்முறை

1. ஆளிப் பொடியை நீரில் கலந்து 10 முதல் 15 நிமிடங்கள் ஊறவிடவும். அடுப்பை (ஓவன்) 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றத் தொடங்கவும். நீள்வடிவ பிரெட் அச்சில் எண்ணெய் தடவி, பேக்கிங் தாள் விரித்து வைக்கவும்.

2. வாழைப்பழங்களைக் கட்டியில்லாமல் மசிக்கவும். அதனுடன் வெல்லப் பொடி, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, ஊறிய ஆளிக் கலவை ஆகியவற்றைச் சேர்த்து, வெல்லம் கரையும்வரை கலக்கவும்.

3. மற்றொரு பாத்திரத்தில் பக்வீட் மாவு, பேக்கிங் பவுடர், சமையல் சோடா, உப்பு, பட்டைப் பொடி ஆகியவற்றை இருமுறை சலிக்கவும். சோடா ஓரிடத்தில் தங்கிவிடாமல் சீராகப் பரவ இது உதவும்.

4. உலர் மாவை ஈரக் கலவையில் சேர்த்துக் கலக்கவும். குளூட்டன் இல்லாததால், அதிகம் கலந்தால் பிரெட் கடினமாகிவிடும் என்ற கவலை இங்கு இல்லை. எனினும் சோடா வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பதால் தாமதிக்கக் கூடாது. பக்வீட் மாவு நீரை மிகுதியாக உறிஞ்சும். கரண்டியிலிருந்து மெதுவாக விழும் இட்லி மாவுப் பதத்தைவிடச் சற்றுக் கெட்டியாக இருந்தால் போதும். அதற்கு மேல் இறுகினால் மட்டும் தேங்காய்ப் பால் சேர்க்கவும்.

5. வால்நட் துண்டுகளைச் சேர்த்து, கலவையை அச்சில் ஊற்றிச் சமப்படுத்தவும். 50 முதல் 60 நிமிடங்கள் வேகவிடவும். 40 நிமிடங்களுக்குப் பின் மேற்புறம் மிகவும் சிவந்தால், அலுமினியத் தாளால் தளர்வாக மூடலாம்.

6. நடுவில் பல்குத்தும் குச்சியைச் செருகி எடுத்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது. அடுப்பிலிருந்து எடுத்து 15 நிமிடங்கள் அச்சிலேயே வைத்து, பின்னர் வெளியே எடுத்து முழுவதுமாக ஆறவிடவும்.

ஓவன் இல்லாதவர்கள் அடி கனமான பெரிய பாத்திரத்தில் தூள் உப்பைப் பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்து, மூடியிட்டு 10 நிமிடங்கள் சூடேற்றியபின் அச்சை உள்ளே வைத்துக் குறைந்த தீயில் வேகவைக்கலாம். நேரம் பாத்திரத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் 50 நிமிடங்களுக்குப் பின் குச்சியால் சோதிப்பது நல்லது.

சூட்டோடு வெட்டக் கூடாது

இந்த பிரெட்டில் பலரும் சந்திக்கும் சிக்கல், உட்புறம் களிபோல ஒட்டுவது. இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. பழம் அளவுக்கு மீறிச் சேர்வது, வேகும் நேரம் போதாமல் போவது, ஆறும் முன்பே வெட்டுவது. குளூட்டன் இல்லாத பிரெட்டில் மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகி வடிவம் பெறுகிறது. குறைந்தது 1 மணி நேரமாவது பொறுத்திருந்து வெட்டினால் துண்டுகள் உடையாமல் வரும்.

பக்வீட்டின் மண்வாசனையும் அடர்ந்த சாம்பல் கலந்த பழுப்பு நிறமும் சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். அத்தகையோர் மாவில் கால் பங்கை அரிசி மாவாக மாற்றிக்கொள்ளலாம். ஈரப்பதம் அதிகமுள்ள உணவு என்பதால், அறை வெப்பநிலையில் 1 அல்லது 2 நாட்களுக்கு மேல் வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பானது.

மாவு வாங்கும்போது கவனம்

குட்டு மாவின் தேவை ஆண்டில் இருமுறை, மார்ச்–ஏப்ரல் மாதங்களில் வரும் சைத்ர நவராத்திரியிலும், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில் வரும் சாரதா நவராத்திரியிலும் உச்சம் பெறுகிறது. ஒரு பருவத்தில் விற்காமல் தேங்கிய மாவு அடுத்த பருவத்தில் விற்பனைக்கு வருவதே பெரிய ஆபத்து. விதை அரைக்கப்பட்டவுடன் அதிலுள்ள கொழுப்பு காற்றுடன் வினைபுரிந்து சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். மழைக்காலத்தின் ஈரத்தில் பூஞ்சையும் வளரும். பூஞ்சைகள் உருவாக்கும் நச்சுகளில் பல, பிரெட் வேகும் வெப்பத்தில் அழிவதில்லை. எனவே ‘நன்றாக வேகவைத்துவிட்டோம்’ என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

மாவு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

* திறந்த மூட்டையிலிருந்து அளந்து தரும் மாவைத் தவிர்த்து, அரைத்த தேதியும் காலாவதித் தேதியும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும் உள்ள மூடிய பொட்டலத்தை வாங்க வேண்டும்.
* பழைய எண்ணெய் வாடை, கசப்பு, கட்டிகள், பூச்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் பயன்படுத்தக் கூடாது. சலித்துவிட்டுப் பயன்படுத்துவதும் தீர்வாகாது.
* சிறிய அளவில் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஓரிரு மாதங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.
* இயன்றால் முழு விதையாக வாங்கி, தேவைப்படும்போது வீட்டிலேயே அரைத்துக்கொள்ளலாம். தோல் நீக்கிய விதை சாதாரண மிக்சியிலேயே மாவாகும்.

சாப்பிட்டபின் வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், நடுக்கம் போன்ற அறிகுறிகள் தோன்றினால் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். எஞ்சிய மாவையும் பொட்டலத்தையும் எறிந்துவிடாமல் வைத்திருந்தால், உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் அதன் மூலத்தைக் கண்டறிய உதவியாக இருக்கும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

*சீலியாக் நோயாளிகள்:* குளூட்டனை உட்கொண்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய், கோதுமை முதன்மை உணவாக உள்ள வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பக்வீட்டில் இயல்பாகவே குளூட்டன் இல்லை. ஆனால் கோதுமை அரைக்கும் அதே ஆலையில் அரைக்கப்பட்டாலோ, மலிவான கோதுமை மாவு கலக்கப்பட்டாலோ அந்தப் பயன் இல்லாமல் போய்விடும். இந்திய விதிகளின்படி ‘குளூட்டன் இல்லாதது’ என்று குறிப்பிடப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. இந்தக் குறிப்பு உள்ள பொட்டலத்தையே சீலியாக் நோயாளிகள் தேர்ந்தெடுக்க வேண்டும். பேக்கிங் பவுடரின் மூலப்பொருள் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

*ஒவ்வாமை உள்ளவர்கள்:* பக்வீட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை ஏற்படுத்தும். சோபா நூடுல்ஸ் பரவலாக உண்ணப்படும் ஜப்பானில், பொட்டல உணவுகளில் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் பக்வீட்டும் ஒன்று. முதன்முறை சாப்பிடுவோர் சிறிதளவில் தொடங்குவது நல்லது. உதடு வீக்கம், தோல் தடிப்பு, மூச்சுத் திணறல் ஏற்பட்டால் அது அவசர மருத்துவ நிலை. இந்தச் செய்முறையில் வால்நட்டும் இருப்பதை விருந்தினருக்குச் சொல்லிவிடுவது அவசியம்.

*நீரிழிவு நோயாளிகள்:* பழுத்த வாழைப்பழமும் வெல்லமும் சேர்வதால், மாவில் நார்ச்சத்து இருந்தாலும் இது இனிப்புப் பண்டமே. அளவு குறித்து மருத்துவர் அல்லது உணவியல் நிபுணரின் ஆலோசனையைப் பெறுவது சிறந்தது.

*வீகன் உணவு முறையினர்:* முட்டையும் பாலும் தரும் வைட்டமின் பி12 இந்த பிரெட்டில் கிடைக்காது. அதை மாத்திரையாகவோ செறிவூட்டப்பட்ட உணவுகள் வழியாகவோ தனியே பெற வேண்டும்.

விரதத்துக்கு ஏற்றதா?

மாவு விரதத்துக்கு உரியது என்றாலும், பிரெட்டின் பிற பொருட்கள் அப்படி அமையாமல் போகலாம். பேக்கிங் பவுடரில் பெரும்பாலும் சோள மாவு கலந்திருக்கும். சோளம் தானியம் என்பதால் பலர் அதைத் தவிர்க்கின்றனர். சாதாரண உப்புக்கு மாற்றாக இந்துப்பு பயன்படுத்துவதும் வட இந்திய வழக்கம். சமையல் சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் மட்டும் சேர்த்துச் செய்தால் பிரெட் சற்று அடர்த்தியாக வரும். குடும்பத்துக்குக் குடும்பம் விரத நெறிகள் மாறுபடுவதால், வீட்டு வழக்கத்தைப் பின்பற்றுவதே பொருத்தமானது.

கோதுமையைத் தொட முடியாத ஒரு குழந்தைக்குப் பிறந்தநாளன்று மற்றவர்களோடு சேர்ந்து உண்ண ஒரு துண்டு கிடைப்பது சிறிய செய்தி அல்ல. அந்தத் துண்டு பாதுகாப்பானதாக இருப்பது, அடுப்பின் வெப்பத்தைவிட மாவுப் பொட்டலத்தின் மீது அச்சிடப்பட்ட தேதியையும், அதைத் திறந்தவுடன் வரும் வாசனையையுமே அதிகம் சார்ந்திருக்கிறது.